வாயில்லா ஜீவனின் வயிறு

“ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டான் டாக்டர். காலையில எழுந்து பார்த்தா வராந்தாவுல மஞ்சளா நுரை நுரையா கக்கி வெச்சிருக்கான். அதுல ஒரு பருக்கைகூட இல்ல. ஆனா இப்போ வாலை ஆட்டிக்கிட்டு பிஸ்கெட் கேக்கிறான். என்ன பண்றது?”

நாய் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அடுத்த மாதம் அதே மஞ்சள் வேறொரு காரணத்தால் வரும். அன்று அந்த ஒரு வரி உங்களுக்கு உதவாது. நாய்க்கும் பூனைக்கும் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு முறை பொறுமையாகத் தெரிந்துகொண்டால், வெளியே வந்து விழுவதைப் பார்த்தே இதற்குக் காத்திருக்கலாமா, உடனே கிளம்ப வேண்டுமா என்று பாதி முடிவுக்கு நீங்களே வந்துவிடுவீர்கள். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து தொடங்குவோம்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. நம்மைவிடப் பத்துப் பல் அதிகம் இருந்தும் நாய் மெல்லுவதில்லை. அதன் தாடை மேலும் கீழும்தான் அசையும். பக்கவாட்டில் அரைக்க வராது. கடிக்கும், கிழிக்கும், விழுங்கும். நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. நாய், பூனை எச்சிலில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆக, நமக்கு வாயிலேயே தொடங்கிவிடும் வேலைகூட அவற்றுக்கு வயிற்றின் தலையில்தான் விழுகிறது. “மெல்லாமலே முழுங்குறான்” என்று வருந்த வேண்டாம், அது பிறவி வழக்கம். எவ்வளவு அவசரமாக விழுங்குகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாய்க்கு அடுத்தது உணவுக்குழாய். நாயின் உணவுக்குழாய் மேலிருந்து கீழ்வரை, கை கால் தசையின் வகையைச் சேர்ந்த வலுவான தசையால் ஆனது. விழுங்கியதைச் சிரமமில்லாமல் திருப்பிக் கொண்டுவர அதனால் முடியும். நாம் வாந்தி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன என்பது இங்கேதான் புரியும்.

ஒன்று எதுக்களிப்பு. தின்ற சற்று நேரத்தில், வயிறு எக்காமல், எந்தப் பாடும் படாமல் தலையைத் தாழ்த்தியதும் சாப்பாடு அப்படியே வெளியே வழுக்கி விழும். சில சமயம் குழாயின் வடிவத்திலேயே நீளமாக இருக்கும். மஞ்சளும் இருக்காது, புளித்த வாடையும் இருக்காது. அது இரைப்பையை எட்டவே இல்லை. கோளாறு உணவுக்குழாயில் இருக்கிறது, அல்லது பாத்திரத்தைப் பார்த்த வேகத்தில் வாரி விழுங்கியிருக்கிறது.

இன்னொன்றுதான் வாந்தி. வாந்தி வருமுன் நாய் அமைதியிழக்கும், உதட்டை நக்கும், எச்சில் ஊறும். பிறகு வயிற்றுத் தசைகள் எக்கி எக்கி ஓங்கரிக்கும், கடைசியில் வெளியே வரும். இதை நடத்துவது மூளையின் அடித்தண்டில் இருக்கும் ஒரு மையம். குடலிலிருந்து செல்லும் நரம்புச் செய்தியும் அதை எழுப்பும், ரத்தத்தில் கலந்த விஷமும் எழுப்பும், காரில் போகும்போது உள்காதிலிருந்து போகும் குழப்பமும் எழுப்பும். அதனால்தான் சிறுநீரகம் கெட்டாலும் வாந்தி, கல்லீரல் கெட்டாலும் வாந்தி. வாந்தி எடுத்ததனாலேயே வயிற்றில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எக்கி எடுத்ததா, எக்காமல் விழுந்ததா? மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரைப்பைக்குள் போவோம். மேல்பாதியும் கீழ்பாதியும் அங்கே வேறு வேறு வேலை செய்கின்றன. உணவு வந்து விழ விழ மேல்பாதி தளர்ந்து இடம் கொடுக்கும். அழுத்தம் கூடாமலே விரியும். பெரிய நாய் ஒரே மூச்சில் ஒரு சட்டி சோற்றை உள்ளே தள்ள முடிவது இதனால்தான். கீழ்பாதிதான் ஆட்டுக்கல். நாயின் இரைப்பையில் நிமிடத்துக்கு ஐந்து முறை அளவில் ஒரு மின் அலை மேலிருந்து கீழாகப் புறப்படுகிறது. நமக்கு அது மூன்று. உணவு உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு அலையும் அதைக் கீழ்வாயை நோக்கித் தள்ளும். கீழ்வாயோ இறுக்கமாக மூடிக்கொள்ளும். முட்டிய உணவு பின்னுக்குத் திரும்பி நசுங்கும். இப்படியே மணிக்கணக்கில் நடந்து, நாயில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதாகக் கரைந்த கூழ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்கும்.

எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும் என்பதை இரைப்பை தீர்மானிப்பதில்லை, சிறுகுடல் தீர்மானிக்கிறது. கொழுப்பு அதிகமாக வந்து இறங்கினால் சிறுகுடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து, மேலே உள்ள வேலையை மெதுவாக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மீந்த பிரியாணியையும் ஆட்டுக்கொழுப்பையும் அள்ளிப் போட்ட நாய் திங்கட்கிழமை காலையில்கூட வயிறு கனத்துச் சுருண்டு கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டு மில்லிமீட்டருக்குக் கரையாதது என்ன ஆகும்? எலும்புத் துண்டு, புல், முடி? அவை இரைப்பையிலேயே காத்திருக்கும். சாப்பாடெல்லாம் காலியான பிறகு, சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மிக வலுவான ஒரு சுருக்க அலை இரைப்பையில் எழுந்து சிறுகுடலின் கடைசிவரை போகும். அப்போது கீழ்வாய் அகலத் திறந்திருக்கும். மிச்சம் கிடப்பதையெல்லாம் அந்த அலை பெருக்கித் தள்ளிக்கொண்டு போகும். இந்த அலை குடல் நெடுகப் பயணிப்பதை ஜோசப் ஸுர்ஸெவ்ஸ்கி 1969-ல் நாயின் சிறுகுடலில்தான் பதிவு செய்தார். பிறகு மனிதர்களிடமும் இருப்பது தெரிந்தது.

இந்தத் துப்புரவு நடக்க ஒரு நிபந்தனை உண்டு: வயிறு காலியாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு பிஸ்கெட், டீ குடிக்கும்போது ஒரு ரஸ்க், சீரியல் பார்க்கும்போது ஒரு முறுக்கு என்று நாள் முழுவதும் ஏதாவது போய்க்கொண்டே இருந்தால் அலை புறப்படவே வாய்ப்பிருக்காது. அன்பு காட்ட நினைத்தால் தடவிக்கொடுங்கள், வாசலுக்கு அழைத்துப் போங்கள். வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள்.

பூனைக்கு நாயைப் போன்ற வலுவான துப்புரவு அலை கிடையாது. அதன் நாக்கிலோ பின்னோக்கி வளைந்த முட்கள். உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது உதிர்ந்த முடி அந்த முட்களில் மாட்டும். துப்ப வழியில்லை, விழுங்கத்தான் வேண்டும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மீதி இரைப்பையில் திரண்டு ஒருநாள் விரல் நீளத்துக்கு வெளியே வரும். எப்போதாவது ஒன்று வந்தால் பதற வேண்டாம், தினமும் சீவிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை என்று வர ஆரம்பித்தால் முடியின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். குடலிலோ தோலிலோ வேறு நோய் இருக்கலாம்.

இனி அமிலம். இரைப்பை உணவை நசுக்கித்தான் செரிக்கிறதா, அல்லது ஏதோ சாறு கரைக்கிறதா என்று ஒரு காலத்தில் பெரிய வாதம் நடந்தது. 1752-ல் பிரான்சின் ரியோமூர் தான் வளர்த்த பருந்து ஒன்றுக்கு, இரண்டு பக்கமும் சல்லடையிட்ட சிறு உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்துக் கொடுத்தார். செரிக்காததைத் திருப்பிக் கக்குவது பருந்தின் இயல்பு. குழாய் நசுங்காமல் வந்தது, உள்ளே இறைச்சி கரைந்திருந்தது. நசுக்க எதுவுமே தொடாத இடத்தில் இறைச்சி கரைந்தது என்றால், கரைத்தது சாறுதான். அந்தச் சாற்றில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1824-ல் லண்டனில் வில்லியம் புரௌட் காட்டினார். அமிலத்தோடு சேர்ந்து புரதத்தை வெட்டும் பெப்சினை 1836-ல் தியோடர் ஷ்வான் கண்டார்.

சாறு எப்போது சுரக்கிறது என்பதைச் சொன்னவர் இவான் பாவ்லோவ். மணியும் எச்சிலும் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். ஆனால் 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. விழுங்கியது வயிற்றுக்குப் போகாமல் கழுத்திலேயே வெளியேறும்படி நாய்களுக்கு அறுவை செய்தார். ஒரு கவளம்கூட உள்ளே போகவில்லை. ஆனாலும் நாய் ஆசையோடு தின்னத் தின்ன இரைப்பையில் சாறு ஊறியது. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டியதும் நின்றது. பசியும் ருசியும் மூளைவழியே வயிற்றை ஆயத்தப்படுத்துகின்றன என்பது இப்படித்தான் தெரிந்தது. அந்த நாய்கள் பட்ட பாட்டின் மேல்தான் இன்றைக்கு நாம் நாய்க்குச் செய்யும் வைத்தியம் நிற்கிறது. எனக்கு இதை நினைக்காமல் கடக்க முடிவதில்லை.

இப்போது வராந்தாவின் மஞ்சள் நுரைக்கு வரலாம். மஞ்சள் என்பது பித்தநீர். அது கல்லீரலிலிருந்து சிறுகுடலில் வந்து விழுவது. இரைப்பையில் அதற்கு வேலையில்லை. மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்ட நாயின் வயிறு விடியற்காலையில் வெறுமையாகக் கிடக்கிறது. சில நாய்களுக்கு அந்த வெறும் வயிற்றுக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் பின்னோக்கி ஏறிவிடும். அது உள்சுவரை உறுத்தும், நாய் கக்கும், உறுத்தல் தீர்ந்ததும் பிஸ்கெட் கேட்டு வரும். கொடுக்கும் அதே அளவைப் பிரித்து, படுக்கப்போகுமுன் ஒரு சிறு பங்கைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்தாலோ, பகலிலும் வந்தாலோ, எடை குறைந்தாலோ வேறு காரணம் தேட வேண்டும்.

புல் தின்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிறு சரியில்லாததால்தான் நாய் அருகம்புல்லைத் தேடித் தின்று வாந்தி எடுக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்ததில், புல் தின்னுமுன் நோய்க்குறி காட்டிய நாய்கள் பத்தில் ஒன்றுகூட இல்லை; தின்ற பிறகு வழக்கமாக வாந்தி எடுத்தவை நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பாலான நாய்கள் புல் தின்பது அவற்றின் இயல்பினால். மருந்து அடிக்காத புல்லாக இருந்தால் போதும்.

இறைச்சியைக் கரைக்கும் அமிலம் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? உள்சுவர் முழுவதும் கெட்டியான சளிப்படலம் இருக்கிறது. அதற்குள் காரத்தன்மையுள்ள பைகார்பனேட் சுரந்து அமிலத்தை முறிக்கிறது. சுவருக்கு ரத்தம் தாராளமாக ஓடுகிறது, மேல் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. இந்தக் காவல் அத்தனைக்கும் கட்டளையிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். நாம் மூட்டுவலிக்குப் போடும் மாத்திரைகள், அதாவது இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம், இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அடக்கித்தான் வலியைக் குறைக்கின்றன. வலி குறையும்போதே வயிற்றின் காவலும் குறைகிறது. நாயின் உடல் இவற்றை நம்மைப்போல் வேகமாகக் கழித்துவிடுவதில்லை. வயதான லாப்ரடார் எழ முடியாமல் முனகுகிறது, பார்க்கப் பொறுக்கவில்லை, தாத்தாவின் மாத்திரையில் பாதியை உடைத்து இட்லியில் வைத்துக் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் கழித்து மலம் தார்போல் கறுப்பாகப் போகிறது. அந்தக் கறுப்பு, இரைப்பையில் கசிந்து செரித்துப்போன ரத்தம். வாந்தியில் காப்பித்தூள் நிறத்தில் வந்தாலும் அதே பொருள்தான். புண் சுவரைத் துளைத்துவிட்டால் பிழைப்பது கடினம். நாய்க்கென்றே வலிமருந்துகள் இருக்கின்றன; எடை பார்த்து, சிறுநீரகம் பார்த்து மருத்துவர் கொடுப்பார்.

பூனையிடம் பாராசிட்டமால் இன்னும் கொடுமையானது. அதை முறித்து வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஒரு மாத்திரை போதும், பூனை இறந்துபோக. அதே நொதிக் குறைவால்தான் ஃபீனால் கலந்த கறுப்பு பினாயிலால் தரை துடைத்த வீட்டிலும் பூனைக்கு ஆபத்து. பாதத்தில் ஒட்டியதை அது நக்கியே தீரும்.

பயம் வயிற்றை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன். எக்ஸ் கதிர் கண்டுபிடித்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பூனையின் உணவில், அந்தக் கதிரில் நிழலாகத் தெரிய, பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, இரைப்பை அலைகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைக் கவனித்து 1898-ல் எழுதினார். பூனை கலவரமடைந்ததும் அலைகள் நின்றன. தடவிக்கொடுத்து அது அமைதியானதும் மறுபடி ஓடின. தீபாவளி வெடியில் கட்டிலடியில் ஒளிந்த நாய் சாப்பிட மறுப்பதும், வீடு மாறிய வாரம் பூனைக்கு வயிறு கெடுவதும், ஊருக்குப் போகும்போது விட்டுச்செல்லும் விடுதியில் நாய்க்குக் கழிச்சல் ஆவதும் பிடிவாதம் அல்ல. அந்த நேரத்தில் வற்புறுத்தி ஊட்டக் கூடாது. இருட்டான, சத்தமில்லாத ஒரு மூலையும் பக்கத்தில் பழகிய ஆளும் இருந்தால் வயிறு தானாக வழிக்கு வரும்.

உணவில் நாம் செய்யும் கெடுதல்களில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தீனியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழையதோடு புதியதைக் கூட்டிக் கூட்டிக் கலக்குங்கள். பால் குட்டிக்குத்தான். வளர வளர பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும், பேதி ஆகும். தயிர் ஓரளவு தாங்கும். வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் விஷம்தான். சிவப்பணுக்களை உடைக்கும், சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சர்க்கரையில்லா இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு ஒரு துளியும் வேண்டாம்.

தயிர்சாதம் பற்றிக் கேட்பீர்கள். நாய் ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கியதில், மாவுச்சத்தை உடைக்கும் கணைய நொதிக்கான மரபணு நாயில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அரிசி நாய்க்குச் செரிக்கும். ஆனால் தயிர்சாதம் மட்டுமே போட்டால் புரதம் போதாது; முட்டையோ கோழியோ சேர வேண்டும். பூனை அப்படியல்ல. அது இறைச்சியை விட்டால் வாழ முடியாத உயிர். டாரின் என்ற சத்து அதற்கு உணவிலேயே வந்தாக வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்று 1987-ல் தெளிவாயிற்று. பால்சோறு போட்டு வளர்க்கும் வீட்டுப் பூனை எலி பிடித்துத்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. மாடி வீட்டுப் பூனைக்கு எலியும் இல்லை.

கொழுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரே வேளையில் நிறையக் கொழுப்பு போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும். முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்பாகத்தை மட்டும் உயர்த்தி, கும்பிடுவதுபோல் நாய் நின்றால் அது விளையாட்டாக இல்லாவிட்டால் வயிற்றுவலி.

அடைப்புதான் அடுத்தது. வெந்த கோழி எலும்பு கூராகப் பிளக்கும். மாங்கொட்டை, சோளக்கட்டை இரண்டும் இரைப்பையின் கீழ்வாயிலோ சிறுகுடலிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். மாம்பழக் காலத்தில் இதற்கென்றே அறுவை நடக்கும். ஆனால் நான் அதிகம் அஞ்சுவது பூனையும் நூலும் சேர்வதைத்தான். பூக்கட்டும் நூல், தையல் நூல், பட்டத்து நூல் எதுவானாலும் சரி. நாக்கின் முட்களில் மாட்டிய நூலைப் பூனை விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், அல்லது இரைப்பையின் கீழ்வாயில் மாட்டும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் தன் அலையை நிறுத்தாது. நூல் நகராததால் குடல்தான் நூலின் மேல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி ஏறும். அப்போது நூல் குடல்சுவரை அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். இழுப்பதுதான் அறுக்கும். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கோயிலிலிருந்து வந்த மாலையை மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

நாயிடம் மணிக்கணக்கு பார்க்க வேண்டிய ஒன்று வயிறு முறுக்கு. அவசரமாக விழுங்குவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். காற்றும் உணவும் நிறைந்து உப்பிய இரைப்பை தன் அச்சில் சுழன்றுவிடும். மேல்வாயும் கீழ்வாயும் ஒருசேர மூடிக்கொள்ளும். காற்று வெளியேற வழியில்லை, மேலும் உப்பும். உப்பிய வயிறு பெரிய ரத்தக்குழாயை நெரிப்பதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற பெரிய, நெஞ்சுக்கூடு ஆழமான இனங்களில் இது அதிகம். நம் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் நெஞ்சுக்கூடு அதே அமைப்புதான். அவற்றை வளர்ப்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறி ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நாய் ஓங்கரிக்கும், ஓங்கரிக்கும், ஒன்றும் வராது. வந்தால் கொஞ்சம் வெள்ளை நுரை. உட்காரவும் படுக்கவும் முடியாமல் நடக்கும், விலாவுக்குப் பின்னால் வயிறு உப்பும். “கேஸா இருக்கும், ஓமத்தண்ணி கொடுத்துப் பார்ப்போம்” என்று இந்த நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் அறுவை நடக்க வேண்டும். தடுக்க வேண்டுமானால் ஒரே வேளைச் சாப்பாட்டை இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். வேகமாக விழுங்கும் நாய்க்கு உள்ளே தடுப்பு வைத்த பாத்திரம் கடையில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

குட்டிகளுக்கு வரும் பெரிய ஆபத்து பார்வோ. 1978 வாக்கில் உலகெங்கும் திடீரெனப் பரவிய வைரஸ் இது. வேகமாகப் பிரியும் செல்களைத் தேடித் தாக்கும். குடலின் உள்வரிசை தினமும் புதிதாகப் பிறப்பது, அதுதான் பெரும் பலி. வாந்தி, பிறகு துர்நாற்றத்தோடு ரத்தப் பேதி. தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போட்டு முடிக்க வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திவிடுவது பலர் செய்வது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த முதல் ஊசியை வீணாக்கிவிடக்கூடும், அதனால்தான் தொடர் ஊசி. வைரஸ் மண்ணில் பல மாதம் கிடக்கும். சாதாரண பினாயிலை நம்ப முடியாது, ப்ளீச்சிங் கரைசல்தான் கொல்லும். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுவதால் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே பூச்சிமருந்தும் வேண்டும்.

முயல் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் புல்லும் வைக்கோலும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் ஓடும். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கை போடாமல் ஒரு முயல் உட்கார்ந்திருந்தால் அது அவசரம்.

வீட்டில் என்ன செய்யலாம்? வளர்ந்த, தெம்பாக நடமாடும் நாய் ஒரு முறை இரு முறை வாந்தி எடுத்தால் சில மணி நேரம் உணவை நிறுத்துங்கள். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு குழைய வடித்த சோறும், எலும்பும் தோலும் இல்லாமல் உப்பு காரமின்றி வேகவைத்த கோழியும் சிறிய பங்குகளாக. குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். பூனையையும் போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் கொழுத்த பூனைக்கு, உடல்கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து சேர்ந்து கல்லீரலே செயலிழக்கும். விஷம் தின்றதென்று உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த உப்பே கொல்லும்.

திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தம், கறுப்பு மலம், வெறும் ஓங்கரிப்பு, உப்பிய வயிறு, தண்ணீர்கூடத் தங்காமை, சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல் நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது.

கிளம்புமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். வாந்தியையும் மலத்தையும் கழுவிவிடுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தின்ற பொருளின் உறையோ மாத்திரை அட்டையோ இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். கடைசியாக என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களைத் திட்ட அவர் கேட்கவில்லை. எந்த ஊசி போடலாம், எதைப் போடக் கூடாது என்பது உங்கள் பதிலைப் பொறுத்தே இருக்கிறது.